சத்தமில்லாத காவல்

தில்லியின் தெருக்களில் இரவில் ஒரு சத்தம் கேட்கும். காவலாளி தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போவார். இடையிடையே விசில் ஊதுவார். வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள் காதில் அது விழும். காவல் நடக்கிறது என்ற தைரியத்தில் அவர்கள் தூங்குவார்கள்.

அதே இரவில், அதே நகரத்தில், இன்னொரு காவலும் நடக்கிறது. அதில் தடி இல்லை. விசில் இல்லை. கணிப்பொறிகளின் முன்னால் சிலர் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தால் வெளியே எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததால் அவர்களைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அவர்கள் யார்? எதைக் காக்கிறார்கள்? அந்தக் காவலில் நமக்கும் பங்கு உண்டா?

எதைக் காக்க வேண்டும்?

முன்பெல்லாம் அரசாங்கத்தின் கணக்குகள் தடித்த பேரேடுகளில் இருந்தன. பேரேட்டைத் திருட வேண்டுமானால் திருடன் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். பூட்டை உடைக்க வேண்டும்.

இன்று அந்தக் கணக்குகள் கணிப்பொறிக்குள் போய்விட்டன. ரேஷன் அட்டை, ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மின்சாரத்தை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பும் வேலையிலும் கணிப்பொறி இருக்கிறது.

கணிப்பொறிகளை இணையம் ஒன்றோடு ஒன்று சேர்க்கிறது. அதனால் வேலை சுலபமாகிறது. அதே வழியாகத் திருடனும் வர முடிகிறது. அவன் வேறு நாட்டில் உட்கார்ந்தபடியே இங்குள்ள பூட்டைத் திறக்கப் பார்க்கிறான். சில சமயம் அவன் பணத்துக்காக வருகிறான். சில சமயம் இன்னொரு நாட்டின் ஒற்றனாக வருகிறான்.

காவலுக்கு வந்த அமைப்புகள்

1999இல் கார்கில் போர் நடந்தது. எல்லைக்குள் ஊடுருவல் நடந்தது ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்ற கேள்வி எழுந்தது. அதை ஆராய கே. சுப்ரமணியம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு அமைச்சர்கள் குழு ஒன்றும் இதைப் பரிசீலித்தது. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 2004இல் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பு உருவானது. தொழில்நுட்பத்தின் உதவியால் தகவல் திரட்டும் உளவு அமைப்பு இது.

அதே 2004இல் இன்னொரு அமைப்பும் வேலையைத் தொடங்கியது. அதன் பெயர் செர்ட்-இன். கணிப்பொறிகளுக்கு ஆபத்து வரும்போது எச்சரிப்பதும் உதவுவதும் அதன் வேலை. தீ விபத்துக்குத் தீயணைப்பு நிலையம் இருப்பது போல என்று சொல்லலாம்.

2014 ஜனவரியில் மூன்றாவதாக ஒரு மையம் அமைக்கப்பட்டது. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்றவற்றின் கணிப்பொறிகள் நின்றால் நாடே நின்றுவிடும். அவற்றைக் காப்பதற்கென்றே இந்த மையம் இருக்கிறது. இது தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பின் கீழ் வருகிறது.

நடுப் படியில் நிற்பவர்

இத்தகைய அமைப்புகளில் பொறியியல் அல்லது கணிப்பொறி படித்தவர்கள் வேலைக்குச் சேருகிறார்கள். மத்திய அரசின் தொழில்நுட்ப அமைப்புகளில் 'விஞ்ஞானி பி' என்பது ஒரு தொடக்கப் பதவி. அதற்கு மேல் 'சி', 'டி' என்று படிகள் உண்டு. 2016இல் நடைமுறைக்கு வந்த ஊதிய அட்டவணையில் 'பி' பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 'சி' பதவிக்கு 67,700 ரூபாய்.

இது நல்ல சம்பளம்தான். ஆனால் இதே திறமைக்குப் பெரிய தனியார் நிறுவனங்கள் இதைவிட அதிகம் கொடுக்கின்றன. அப்படியும் இங்கேயே இருப்பவர்கள் உண்டு. "நாட்டின் வேலை" என்ற எண்ணம் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

நடுப் படியில் இருப்பவரின் நிலை சற்றுச் சிக்கலானது. அவருக்குக் கீழே இளைஞர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் கண்டதை அவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அவருக்கு மேலே பெரிய அதிகாரிகள் இருப்பார்கள். முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் திரையில் ஓடும் எழுத்துக்களைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. கீழே தெரிந்த உண்மையை மேலே இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லக் கூடாது. குறைத்தும் சொல்லக் கூடாது. நடுவில் இருப்பவர் வாய் மூடினால், கீழே தெரிந்தது மேலே போகாது.

ஒரு நாள் வேலை

அப்படிப்பட்ட ஓர் அதிகாரியை மனத்தில் நினைத்துப் பார்ப்போம். அவர் ஒரு பெண். தில்லியில் வேலை பார்க்கிறார்.

காலையில் அலுவலக வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறார். மாலையில் திரும்பும்போதுதான் அது அவர் கைக்கு வரும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அலுவலகத் தொலைபேசிக்குத்தான் செய்தி வர வேண்டும்.

முதல் வேலை, இரவுப் பணியில் இருந்தவர்களிடம் விவரம் கேட்பது. இரவில் என்ன நடந்தது? எதை விசாரித்தீர்கள்? எது பாக்கி?

அடுத்த வேலை, பதிவேடு பார்ப்பது. ஒவ்வொரு கணிப்பொறியும் தானாகவே ஒரு பதிவேடு எழுதுகிறது. யார் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எதைத் திறந்தார் என்று அதில் இருக்கும். ஒரு நாளில் லட்சக்கணக்கான வரிகள் சேரும். அவற்றில் வழக்கத்துக்கு மாறான ஒரு வரியைத் தேட வேண்டும். நெல்லில் கல் பொறுக்குவது போன்ற வேலை இது. முதலில் இயந்திரம் சலித்துக் கொடுக்கும். மிச்சத்தை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வரி அவருடைய கண்ணில் படுகிறது. ஒரு மின்வாரிய அலுவலகத்தின் கணிப்பொறி இரவு இரண்டரை மணிக்கு வெளிநாட்டு முகவரி ஒன்றோடு பேசியிருக்கிறது. அந்த நேரத்தில் அலுவலகம் பூட்டியிருக்கும். அப்படியானால் பேசியது யார்?

எழுத்தரின் பயம்

அதிகாரி அந்த அலுவலகத்தின் கணிப்பொறிப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அது எழுத்தர் ஒருவரின் கணிப்பொறி என்று தெரிகிறது. எழுத்தர் தொலைபேசிக்கு வருகிறார். வயதில் மூத்தவர். குரல் நடுங்குகிறது.

"ஐயா, அண்மையில் ஏதாவது புதிய கடிதம் வந்து திறந்தீர்களா?"

"இல்லை மேடம். ஒன்றும் திறக்கவில்லை."

"யோசித்துச் சொல்லுங்கள், ஐயா. நான் உங்களைக் குற்றம் சொல்ல அழைக்கவில்லை."

சிறிது நேரம் பேச்சில்லை.

"இரண்டு நாளைக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது, மேடம். அகவிலைப்படி ஆணை என்று போட்டிருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து அழித்துவிட்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது. வேலை போய்விடுமா?"

"நீங்கள் சொன்னதுதான் இப்போது எங்களுக்குப் பெரிய உதவி. முதலில் இணைய வயரைக் கழற்றுங்கள். கணிப்பொறியை அணைக்க வேண்டாம். எதையும் அழிக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் வருகிறார்கள்."

இணைய வயரைக் கழற்றினால் திருடனுக்கு வெளியே போக வழி இல்லை. கணிப்பொறியை அணைத்தால் அதன் தற்காலிக நினைவில் இருக்கும் தடயங்கள் மறைந்து போகும். அதனால்தான் அணைக்க வேண்டாம் என்றார்.

திறந்தது ஒரு சின்னத் தவறு. அது யாருக்கும் நேரலாம். ஆனால் பயத்தில் மறைத்த இரண்டு நாள்களில் தீங்கு நிரல் ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்த கணிப்பொறிக்குப் போக வழி தேடியிருக்கும். தவறைவிட மறைப்பு அதிகக் கேடு செய்கிறது.

மாலையில் அதிகாரி தன் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுகிறார். அதில் ஒரு கஷ்டமான வரியும் இருக்கிறது. அந்தக் கணிப்பொறி முந்தைய இரவிலும் அதே முகவரியோடு பேசியிருந்தது. அவருடைய குழு அதைக் கவனிக்கவில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எழுதினால் அவருக்குத்தான் கெட்ட பெயர். எழுத்தரிடம் உண்மையைக் கேட்டவர் தன் அறிக்கையில் அதை மறைக்கலாமா? அவர் எழுதுகிறார்.

நடந்த நிகழ்ச்சி: கூடங்குளம்

மேலே சொன்னது கற்பனை. இனி வருவது நடந்தது.

திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில் அதைப் பற்றி ஒரு செய்தி பரவியது. அங்கே கணிப்பொறியில் தீங்கு நிரல் புகுந்துவிட்டது என்றார்கள். அப்படித் தாக்குதல் நடக்க வாய்ப்பில்லை என்று நிலையத்தின் சார்பில் முதலில் அறிக்கை வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் வேறு விதமாகச் சொன்னது. தீங்கு நிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது.

செர்ட்-இன் அமைப்பு அதைச் செப்டம்பர் 4 அன்றே கவனித்துத் தகவல் கொடுத்திருந்தது. உடனே நிபுணர்கள் விசாரித்தார்கள். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான கணிப்பொறி. அது இணையத்தோடு சேர்ந்த வலையில் இருந்தது. அணு உலையை இயக்கும் முக்கிய வலை தனியாக இருந்தது. ஆகவே உலையின் இயக்கத்துக்குப் பாதிப்பு இல்லை என்று கழகம் தெரிவித்தது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வாசல் திண்ணைக்கும் நெல் அறைக்கும் நடுவில் சுவர் இருந்தது. அதனால் திண்ணைக்கு வந்தவன் அறைக்குள் போகவில்லை. இது முதல் பாடம். இல்லை என்று முதல் நாள் சொல்லி, உண்டு என்று மறுநாள் சொன்னால் மக்களின் பயம் கூடும். முதலிலேயே உள்ளதைச் சொல்வது நல்லது. இது இரண்டாவது பாடம்.

நடந்த நிகழ்ச்சி: தில்லி எய்ம்ஸ்

தில்லியில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் ஏழை நோயாளிகள் அங்கே வருகிறார்கள். விடியும் முன்பே வரிசையில் நிற்கிறார்கள்.

2022 நவம்பர் 23 அன்று காலை அங்கே கணிப்பொறிகள் நின்றுபோயின. சீட்டுப் போட முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரையில் பார்க்க முடியவில்லை. ஊழியர்கள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். வரிசை நீண்டது.

யாரோ உள்ளே புகுந்து தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். சாவி அவர்களிடம் இருந்தது. இந்த வகைத் தாக்குதலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். பிணையப் பணம் கேட்டு ஆளைக் கடத்துவார்கள் அல்லவா? இதில் தகவலைக் கடத்துகிறார்கள்.

அடுத்த மாதம் அரசு நாடாளுமன்றத்தில் விவரம் சொன்னது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சர்வர் என்பது பல கணிப்பொறிகளுக்குத் தகவல் தரும் பெரிய கணிப்பொறி. சுமார் 1.3 டெராபைட் அளவுத் தகவல் பூட்டப்பட்டது. வலையைச் சரியாகப் பிரித்து வைக்காததே இதற்கு இடம் கொடுத்தது. அதாவது அறைகளுக்கு நடுவில் சுவர் சரியாக இல்லை.

ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. நோயாளிகளின் பதிவு விவரங்களுக்கு வேறு ஒரு சர்வரில் நகல் இருந்தது. அது பாதிக்கப்படவில்லை. அந்த நகலிலிருந்து விவரங்களை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். பெரும்பாலான வேலைகள் மீண்டும் சீராக இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரமும் வரிசையில் நின்றவர்களுக்குச் சர்வர் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கஷ்டம் அவர்களுக்குத்தான். கணிப்பொறிக் காவல் படித்தவர்களின் விஷயம் மட்டும் அல்ல.

ரகசியம் வேறு, மறைப்பது வேறு

உளவு அமைப்பில் வேலை செய்பவர் ரகசியம் காக்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. என்ன வேலை செய்கிறார் என்று வீட்டில்கூட விரிவாகச் சொல்ல முடியாது. பண்டிகைக்கு ஊருக்குப் போனால் "அரசாங்க வேலை, கணிப்பொறிப் பிரிவு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். நல்ல வேலை செய்த நாளிலும் அவரைப் பாராட்ட ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் ரகசியம் காப்பது வேறு. தவறை மறைப்பது வேறு. நாட்டின் தகவலை அந்நியரிடமிருந்து காப்பது ரகசியம். தன் தவறைத் தன் மேலதிகாரியிடமிருந்து ஒளிப்பது மறைப்பு. முதலாவது நாட்டைக் காக்கிறது. இரண்டாவது திருடனைக் காக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரியும். இந்த வேலையில் இருப்பவர் அவற்றைத் தினமும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் ஆணை வெளியிட்டது. கணிப்பொறித் தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணிப்பொறியின் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். சீக்கிரம் சொன்னால் அடுத்த அலுவலகத்தையாவது காப்பாற்றலாம்.

காவலருக்கும் வேலி

காவலாளியின் கையில் சாவி இருக்கிறது. அவர் எந்த வீட்டையும் திறந்து பார்க்கலாமா? கூடாது.

ஒருவருடைய செய்தியை இடைமறித்துப் படிக்க வேண்டுமானால், அதிகாரி விரும்பினால் மட்டும் போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அதற்குக் காரணங்களையும் முறையையும் சொல்கிறது. உரிய அதிகாரம் உள்ளவரின் உத்தரவு வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒரு தீர்ப்பு அளித்தார்கள். தனிமை காக்கும் உரிமை அடிப்படை உரிமை என்றார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஊழல் பற்றியும் மனித உரிமை மீறல் பற்றியும் கேட்டால் அந்த விலக்கு பொருந்தாது. ரகசியம் என்ற போர்வைக்குள் தவறு ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே இதன் பொருள்.

நம் வீட்டுக் கதவு

தில்லியில் ஒருவர் கண் விழித்தால் மட்டும் போதாது. கதவுகள் நம் கையில் இருக்கின்றன. கைபேசி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதவு இருக்கிறது.

வங்கியின் கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. தெரியாத இடத்திலிருந்து வந்த இணைப்பைத் தொடக் கூடாது. கைபேசி புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப் போடாமல் புதுப்பிக்க வேண்டும். கதவில் விழுந்த ஓட்டையை அடைப்பது போன்றது அது.

உளவுத் துறை, சி.பி.ஐ., போலீஸ் என்று சொல்லிச் சிலர் வீடியோவில் அழைக்கிறார்கள். "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்பு" என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் வானொலியில் இதைப் பற்றி மக்களை எச்சரித்தார். உண்மையான அதிகாரி வீடியோவில் கைது செய்ய மாட்டார். பணமும் கேட்க மாட்டார்.

ஒருவேளை பணம் போய்விட்டால் என்ன செய்வது? வெட்கப்பட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால், பணம் திருடன் கைக்குப் போகும் முன் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும்.

வீட்டில் பெரியவர் ஒருவர் ஏமாந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். எழுத்தரிடம் அந்த அதிகாரி பேசியதை நினைவில் கொள்ள வேண்டும். "நான் உங்களைக் குற்றம் சொல்ல அழைக்கவில்லை" என்ற ஒரு வார்த்தைதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது.

தவறு நேர்ந்தால் சொல்வோம். சொல்பவரைத் திட்டாமல் கேட்போம். சத்தமில்லாத காவலுக்கு நாம் செய்யக்கூடிய உதவி இதுதான்.

சொற்கள் அறிவோம்

தீங்கு நிரல் – கணிப்பொறிக்குள் புகுந்து கெடுதல் செய்யும் கட்டளைத் தொகுப்பு
வலை – பல கணிப்பொறிகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் அமைப்பு
நகல் – தகவலின் இன்னொரு பிரதி. வேறு இடத்தில் பத்திரமாக வைப்பது
கடவுச்சொல் – கணக்கைத் திறக்க உதவும் ரகசியச் சொல்

விடை சொல்லுங்கள்

1. எழுத்தரின் கணிப்பொறியை அணைக்க வேண்டாம் என்று அதிகாரி சொன்னது ஏன்?
2. கூடங்குளத்தில் சுவர் இருந்தது, எய்ம்ஸில் சுவர் சரியாக இல்லை என்பதன் பொருள் என்ன?
3. எய்ம்ஸில் நோயாளிகளின் விவரங்களை எப்படி மீட்டார்கள்?
4. பணம் பறிபோனால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்? ஏன் உடனே அழைக்க வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

ரகசியம் காப்பதற்கும் தவறை மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குங்கள். அறிக்கையில் அந்தக் கஷ்டமான வரியை எழுதிய அதிகாரி செய்தது சரியா? நீங்கள் அவருடைய மேலதிகாரியாக இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?